அருவி மூடினால் ஹவுஸ்ஃபுல்

தியேட்டர் மேனேஜருக்குப் படம் பார்க்க நேரம் கிடைக்காது. படம் பார்த்துவிட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்குத்தான் சம்பளம். தான் சமைக்காத சாம்பாருக்குத் திட்டு வாங்கும் ஓட்டல் சர்வர்களும், தான் போடாத ரோட்டுக்குப் பதில் சொல்லும் பஸ் கண்டக்டர்களும் என் வேதனையை உடனே புரிந்துகொள்வார்கள்.

தென்காசியில் எங்கள் தியேட்டரில் என்ன படம் என்பதை முதலாளிதான் முடிவு செய்வார். போன குற்றால சீசனில் ஒரே ஒரு முறை நான் வாயைத் திறந்தேன். மதுரைக்குப் போன இடத்தில் பார்த்த ஒரு சின்னப் படம். வேலைக்காலம் முழுக்க ஊரையே ஏற்றி இறக்கிய பஸ் டிரைவர், ரிட்டையரான பிறகு, பெண்டாட்டியை ஒருநாளும் எங்கேயும் கூட்டிப்போனதில்லை என்று கண்டுபிடிக்கிறார். இருவரும் பஸ் ஏறுகிறார்கள். அவ்வளவுதான் கதை. சண்டை இல்லை, பாட்டு இல்லை. எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது.

"போடுதேன். வியாழக்கிழமைக்குள்ள கூட்டம் சேரலன்னா வெள்ளிக்கிழமை வேற படம். அப்புறம் நீரு வாயத் தொறக்கப்பிடாது வே" என்றார் முதலாளி. ஐம்பது வயதைத் தாண்டியவனின் ரசனைக்கு ஒரு வாரம் கெடு.

நிஜம்

வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு இலத்தூர் ஏட்டையா வந்தார். ரிட்டையரான ஹெட் கான்ஸ்டபிள். எந்தப் படமானாலும் முதல் நாளே வந்து விசாரணையை முடித்துவிட்டுத்தான் போவார். முந்தின வாரம் ஓடிய போலீஸ் படத்தில் கதாநாயகன் துப்பாக்கி பிடித்த லட்சணத்தைப் பார்த்து, அவனை ஆறு மாசம் பரேடில் நிறுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னவர். இந்தப் படத்தில் பொய் என்று சொல்ல அவருக்கு ஒரு இடம்கூட அகப்படவில்லை. எனக்கு மனசு குளிர்ந்துபோனது. பைக்கை உதைத்துக்கொண்டே சொன்னார்:

"எல்லாம் நெசம் அண்ணாச்சி. நெசத்த நான் வீட்லயே பாத்துக்கிடுவேனே, அதுக்கு எதுக்கு டிக்கெட்டு?"

ஒரு கண் அங்கே, ஒரு கண் இங்கே

சனிக்கிழமை மாலைக் காட்சி. இருட்டில் ஒரு முகம் மட்டும் நீலமாகத் தெரிந்தது. ஒரு அம்மாள் செல்போனை மடியில் வைத்து, விட்டுப்போன சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் ஹெட்செட்டின் ஒரு முனையைத் தன் காதில் மாட்டிக்கொண்டு துணைக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து, "அம்மா, திரையில படம் ஓடுது" என்றேன். கோபப்படவில்லை அவர். என் மேல் பரிதாபப்பட்டது போலத்தான் இருந்தது:

"இங்கன புருசனும் பொண்டாட்டியும் ஒரு சொல்லு கூடப் பேச மாட்டேங்காவ. அங்கன சீரியல்ல சின்ன மருமக பால்ல என்னத்தையோ கலக்குதா. நீங்களே சொல்லுங்க, எதப் பாக்க?"

கதையைப் படித்தவர்

திங்கட்கிழமை பதினோரு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் குத்துக்கல்வலசையிலிருந்து வந்த பேங்க் அதிகாரி. படம் ஒரு சிறுகதையிலிருந்து எடுக்கப்பட்டதாம். அவர் அதைப் படித்திருக்கிறார். வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். புத்தகம் படித்தவர்களிடம் தியேட்டர்க்காரன் மாட்டிக்கொண்டால் இடைவேளை கிடையாது. எனக்கு எந்தக் காட்சியில் நெஞ்சை அடைத்ததோ, எங்கே போக வேண்டும் என்று அந்த மனைவி முதன்முதலாகச் சொல்லும் இடம், அதையே எடுத்துப் பிரித்துப்போட்டார்:

"கதையில அந்தப் பொம்பள கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டா சார். அவனாத்தான் கண்டுபிடிக்கணும். இதுல வாயைத் தொறந்து சொல்லிட்டா. படம் அங்கனயே படுத்துட்டு."

அவர் சொன்னது சரியாக இருந்துவிட்டால்? எனக்குப் பிடித்தது படமா, அல்லது இப்படிப்பட்ட படம் பிடித்திருக்கிறதே என்று என்னையே எனக்குப் பிடித்துப்போனதா?

ஆர்ச்சைத் தாண்டிய தண்ணீர்

குற்றாலத்தில் தண்ணீர் விழ வேண்டும் என்று ஊரே வேண்டிக்கொள்ளும்போது, கொஞ்சம் கூடுதலாக விழட்டும் என்று வேண்டிக்கொள்கிறவன் நான் ஒருவன்தான். வெள்ளம் வந்து, குளிக்கத் தடை போட்டு அருவியை மூடினால், குளிக்க வந்தவர்களுக்குப் போக்கிடம் எங்கள் தியேட்டர். புதன்கிழமை மெயினருவியில் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் பாய்ந்தது. போலீஸ் எல்லாரையும் வெளியே அனுப்பியது. மதியக் காட்சிக்குத் தலை நிறைய எண்ணெயும் தோளில் துண்டுமாக ஜனம் வந்து இறங்கியது. ஹவுஸ்ஃபுல்! போர்டை நானே தூக்கி மாட்டினேன்.

"என்ன வே, உம்ம படம் பிச்சுக்கிட்டு ஓடுதாமே!" என்று முதலாளி போனில் சிரித்தார். படம் ஓடுகிறதா, தண்ணீர் ஓடுகிறதா என்பதை அவரிடம் நான் விளக்கவில்லை. படம் முடிந்ததும் வாசலில் போய் நின்றேன். முதலில் வெளியே வந்தவரிடம், வெட்கத்தை விட்டு, எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு சார். அருவியத் தொறந்துட்டாங்களா?"

மறுநாள்

திறந்துவிட்டார்கள். வியாழக்கிழமை தியேட்டரில் மின்விசிறிகள்தான் படம் பார்த்தன. மேட்னிக்கு டிக்கெட் கிழிக்கும்போது ஒரு ஜோடியை அடையாளம் தெரிந்தது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள்; முந்தின நாள் ஈரத் துண்டோடு வந்தவர்கள். அந்தம்மா முன்னால் நடக்க, புருஷன் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தார். "அருவி தொறந்தாச்சே, போகலையா?" என்று கேட்டேன். அந்தம்மா நின்று, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அருவி அடுத்த வருசமும் விழும். நேத்து பொண்டாட்டிய பஸ்ஸுல ஏத்துத எடத்துல பாத்து இவுக தூங்கிட்டாக. இன்னைக்கு முழிச்சிருந்து பாக்கட்டும்னு இழுத்துட்டு வந்தேன்."

வியாழன் வசூலைப் பார்த்த முதலாளி, சொன்னபடி வெள்ளிக்கிழமை வேறு படம் போட்டுவிட்டார், நானும் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாரத்தில் என் வீட்டுக்காரியைக் கூட்டிவந்து அந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதை நீங்கள் யாரும் அவளிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.