ஒன்பதாம் தூணின் படம்

நகராட்சியில் சுவர் துடைக்கும் பிரிவில் அவனுக்குக் கேமரா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். வேன் ஓட்டுகிறவர் முதல் மேற்பார்வையாளர் வரை எல்லாருக்கும் அவன் கேமராதான். வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. எவனாவது பொதுச் சுவரில் எழுதிவிட்டோ வரைந்துவிட்டோ போனால், போய் ஒரு படம் எடுக்க வேண்டும். தேய்த்துத் துடைத்துச் சாம்பல் நிறப் பெயின்டை அடிக்க வேண்டும். அதே இடத்தில் நின்று மறுபடி ஒரு படம். முன் படம், பின் படம் இரண்டும் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் புகார் முடிந்தது.

எட்டு வருஷமாக இதைச் செய்கிறவனுக்குச் சுவர் என்றாலே வெறுத்திருக்க வேண்டும். இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. யார் எங்கே வரைந்தாலும் கைவண்ணத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவான். மப்ளர் கட்டிய மீன்களாக வரைந்து தள்ளும் ஒருவனுக்கு மீன்காரன் என்று பெயர் வைத்திருந்தான். எழுத்துகளைப் பலூன் மாதிரி ஊத வைக்கும் இன்னொருவன் உப்பல். மீன்காரன் வரைந்ததன் மேல் உப்பல் எழுதுவான். ஒரே வாரத்தில் உப்பலின் மேல் மீன் நீந்தும். டி.வி. தொடர் பார்ப்பதுபோல் இந்தச் சண்டையைத் தினமும் பின்தொடர்ந்தான் கேமரா. அலுவலகத்துக்கு இரண்டு படம் என்றால், தனக்கென்று மூன்றாவதாக ஒன்று எடுத்துக்கொள்வான். சுவர்ப் படப் பிரியர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. அதில் போடுவான். "உங்க கண்ணே கண்ணு" என்று யாராவது எழுதிவிட்டால் போதும், அன்றைக்கு வீட்டில் மனைவி என்ன திட்டினாலும் காதில் ஏறாது. வரைந்ததை அழிக்கிறவனும் அவன்தான், அதைப் படம் காட்டிப் பாராட்டு வாங்குகிறவனும் அவன்தான் என்பது குழுவில் ஒருவருக்கும் தெரியாது.

கோடையில் இந்த வேலை சுகமான வேலை. பனி கொட்டும் குளிர்காலத்தில் வந்து பாருங்கள்! பெயின்ட் பிடிக்கவே பிடிக்காது. அடித்த மறுநிமிடம் ஜலதோஷக் குழந்தையின் மூக்கு மாதிரி ஒழுகும். வெந்நீர் கொண்டுவந்து தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, காய வைத்து, அப்புறம்தான் அடிக்க வேண்டும். ஒரு சுவருக்கே அரை நாள் போய்விடும். அலுவலகத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? மூன்று நாளில் பின் படம் வரவில்லை என்றால் பெயருக்கு நேராகச் சிவப்புக் கோடு. ஆகவே பிரிவில் எல்லாரும் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். பக்கத்தில் அதே நிறத்தில் சுத்தமான சுவர் ஏதாவது இருக்கும். அதை எடுத்துப் பின் படம் என்று அனுப்பிவிடுவார்கள். வெயில் தலைகாட்டியதும் வந்து உண்மையாகவே அடித்துவிடுவார்கள். இதற்கு முன்பதிவு என்று பெயர். யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

அன்றைக்குப் பிற்பகல் ரயில் பாலத்தடியில் வேனை நிறுத்தினார்கள். அங்கே பதினான்கு தூண்கள், எல்லாம் ஒரே அச்சு. அடியில் எழுதியிருக்கும் எண்ணை மறைத்துவிட்டால் எது எதென்று கடவுளுக்கே தெரியாது. ஒன்பதாம் தூணில், பேருந்து நிறுத்தத்துக்கு நேரெதிராக, கை எட்டாத உயரத்தில் ஒரு பெண்ணின் பெயர் கறுப்பில் எழுதியிருந்தது. பெயருக்குக் கீழே போன் நம்பர். அதற்கும் கீழே நான்கு வார்த்தைகள்; அவற்றை நான் எழுதப் போவதில்லை. கேமரா நிதானமாகப் படித்தான், முன் படமும் எடுத்தான்.

"ஏணி போட்டாத்தான் எட்டும். கீழ பூரா ஐஸு. நீ ஏறு, நான் பிடிச்சுக்கறேன்" என்றார் ஓட்டுநர்.

அந்த நேரம் பார்த்துப் போன் முனகியது. குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: வாய்க்கால் பக்கத்துப் பழைய ஆலைச் சுவரில் மீன்காரன் புதிதாக வரைந்திருக்கிறான், ஆள் உயர மீன், முதுகில் நிஜப் பனியே படிந்திருக்கிறது, ஓடுங்கள். வெளிச்சம் இன்னும் அரை மணி நேரம் தாங்கினால் பெரிது.

"அண்ணே, இத முன்பதிவு போட்டுரலாம்."

"பொம்பளப் பேரு இருக்கேடா."

"நாலு நாள்ல வெயில் வந்துரும்ணே. வந்ததும் மொதல் வேலை இதுதான்."

பதினோராம் தூணின் எதிரே நின்று, அடியிலிருந்த எண் விழாமல் ஒரு படம் எடுத்து அனுப்பினான். மீனுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தான். படம் பிரமாதமாக வந்தது, குழுவே கொண்டாடியது. வெயில்தான் மூன்று வாரமாக வரவில்லை. தினம் தினம் புதுப்புதுப் புகார்கள் வந்துகொண்டிருந்ததில் ஒன்பதாம் தூணை அவன் சுத்தமாக மறந்துபோனான். மீனுக்காக ஓடியதைக்கூட மன்னித்துவிடலாம். இந்த மறதியை என்னவென்று சொல்வது?

மூன்றாவது வாரக் கடைசியில் மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டினார். "இந்தம்மாவுக்கு வேற வேலையே இல்ல போலிருக்கு. உன் பின் படத்த அவங்களுக்கு ரெண்டு தடவ அனுப்பியாச்சு, மறுபடியும் எழுதறாங்க. நீயே என்னன்னு பாரு."

கேமரா வாங்கிப் படித்தான். "நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது அந்தத் தூண் இல்லை. எழுத்து அப்படியேதான் இருக்கிறது. உங்கள் படத்தால் என் வீட்டில் நான் பொய்க்காரி ஆகிவிட்டேன்." கீழே தூணில் இருந்த அதே பெயர், அதே நம்பர். அவன் முகத்தில் ஈயாடவில்லை. பாதி கேலியாகச் சிரித்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளரிடம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் மென்று முழுங்கிச் சொன்னான்.

வெந்நீர்க் கேன்களோடு போய் ஏணியைச் சாத்தினான். ஓட்டுநர் அடியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு படி ஏறியிருப்பான், சாலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். மேலே குளிர்கோட்டு, உள்ளே மூக்குக்கண்ணாடிக் கடையின் சீருடை.

"அண்ணா, இருங்க, இருங்க! அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. நானும் அதுல நிக்கணும், ஏணியும் தெரியணும்."

"நீங்க எதுக்குங்க இதுல..."

"அது என் பேருதாண்ணா." சொல்லிவிட்டு அவளே தொடர்ந்தாள். "எங்க வீட்டுக்காரர் நம்பணும். ஐஸ்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சு மூணாவது மாடியில படுத்திருக்கார், எறங்கி வந்து பாக்க முடியாது. கண்டவனும் எனக்குப் போன் பண்றான். ஏன் பண்றான்னு கேக்கறார். கடையில வேலைய விட்டு அனுப்பின ஒருத்தன் தூண்ல எழுதிட்டுப் போயிட்டான்னு சொன்னேன். புகார் எழுதினேன், உங்க ஆபீஸ் என்னடான்னா சுத்தமான தூண் படத்த அனுப்பிருச்சு. அதையே எங்கிட்ட நீட்டி, இதுக்கு என்ன சொல்றேங்கறார்."

"நீங்களே ஒரு போட்டோ எடுத்துக் காட்டியிருக்கலாமே?" அந்தப் பாவி அப்போதும் ஒன்றும் தெரியாதவன்போல் இப்படிக் கேட்டான்.

"காட்டாம இருப்பேனா? அது அழிக்கறதுக்கு முந்தி எடுத்ததுன்னுட்டார். தினமும் இதப் படம் பிடிச்சுக் கொண்டுபோய் நீட்டணுமாக்கும்னு ரோஷம் வந்துருச்சு, விட்டுட்டேன். நம்பர மாத்தலாம்னா, மாட்டிக்கிட்டதால மாத்தறேன்னு ஆயிடும்."

அவள் போய்த் தூணடியில் நின்றாள். கோட்டுக் காலரைச் சரிசெய்து, முடியை ஒதுக்கி, அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றாள். தலைக்கு மேலே அந்த நான்கு வார்த்தைகள். கேமரா ஏணியிலிருந்து இறங்கி வந்து போனை உயர்த்தினான். நிறுத்தத்தில் காத்திருந்தவர்கள் அவளையும் எழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது தான்தான் என்று உறைத்தபோது அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. போனைத் தாழ்த்தினான்.

"அந்தச் சுத்தமான தூணு படம் நான் எடுத்ததுதாங்க. அது பதினோராம் தூணு."

அவள் பதினோராம் தூணைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியாம மாறிப்போச்சா?"

"தெரிஞ்சேதாங்க செஞ்சேன்."

"ஏன்?"

குளிர் என்றான், ஏணி என்றான், பெயின்ட் பிடிக்காது என்றான். எல்லாம் சப்பைக்கட்டு என்று அவனுக்கே தெரிந்தது. கடைசியில் மீனைச் சொன்னான்.

"மீனா?" என்றாள் அவள். "மீன் படம் எடுக்கவா போனீங்க?"

ஓட்டுநர் குனிந்து ஏணியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா ஆமென்று தலையை ஆட்டினான். அவள் அழுவாள், அடிப்பாள், ஆபீசுக்குப் போன் செய்வாள் என்று எதிர்பார்த்தான். அவளோ கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மொதல்ல அத அழிங்க. ஆறு மணிக்கு எனக்குக் கடை முடியும். எங்கூட வீட்டுக்கு வந்து, இப்ப எங்கிட்ட சொன்னத அப்படியே அவர்கிட்ட சொல்லணும்."

எழுத்தைத் தேய்த்து எடுப்பதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. பெயின்ட் இரண்டு முறை வழிந்து, மூன்றாம் முறைதான் நின்றது. ஆறு மணிக்குக் கடை வாசலில் போய் நின்றான். அவள் முன்னால் நடந்தாள். மூன்று மாடியும் அவளுக்குப் பின்னால் படிப்படியாக ஏறினான்.

கணவர் ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தார். நகராட்சிச் சட்டையைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கேமரா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஒன்பதாம் தூண், பதினோராம் தூண், மீன், எதையும் விடவில்லை. மூன்று வாரமும் எழுத்து அங்கேயேதான் இருந்தது, உங்கள் மனைவி சொன்னது அத்தனையும் நிஜம் என்றான்.

"அப்படியா சார்?" என்றார் கணவர். அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப சரி. இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்களே, நல்ல மனசு சார் உங்களுக்கு. உக்காருங்க. ஏம்மா, சாருக்கு டீ போடேன்."

அவள் கோட்டைக் கழற்றாமல் கதவருகிலேயே நின்றாள்.

"மூணு வாரமா நான் சொன்னேன்" என்றாள். "அழுது சொன்னேன், சத்தியம் பண்ணிச் சொன்னேன். பொய்ப் படம் அனுப்பினேன்னு சொல்லிக்கிட்டு ஒரு ஆளு வந்து நிக்கறார், பேருகூடக் கேக்கல, ஒரு தடவ சொன்னதும் நம்பிட்டீங்க."

கணவர் போர்வையின் ஓரத்தைப் பிடித்து நீவினார். பிறகு ஆதரவு தேடிக் கேமராவின் பக்கம் திரும்பினார். "படத்தப் பாத்தா யாரா இருந்தாலும் நம்பத்தானே செய்வாங்க? நீங்களே சொல்லுங்க சார்."

"எங்கிட்ட கேக்காதீங்க" என்றான் கேமரா. "தயவுசெஞ்சு எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க. அவங்ககிட்ட கேளுங்க."

அவள் கதவைத் திறந்துவிட்டு, அவன் போவதற்காக ஒதுங்கி நின்றாள்.