ஆஸ்திரேலியாக்காரனுக்கு ஒரு மெழுகுவர்த்தி

என் சொந்தப் பெரியப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் நான் விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கும். ஆனால் ஆஸ்திரேலியாவில் கோதுமை போட்டு, ஆடு மேய்த்துப் பிழைத்த ஒரு குடும்பத்தைப் பற்றிக் கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்வேன். அந்த வீட்டு அம்மா ரொட்டி சுடும்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாது. அப்பாவுக்குக் காது மந்தம், ஆனால் தன்னைப் பற்றிப் பேசினால் மட்டும் கேட்டுவிடும். பெரிய அக்கா குதிரையிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டவள். மறுநாளே அதே குதிரையில் ஏறினாள். கடைசிப் பையன் பட்டாளத்தில் சேர்ந்து ஆம்புலன்ஸ் லாரி ஓட்டப் போனான். அவன்தான் எங்கள் ஆஸ்திரேலியாக்காரன்.

இதெல்லாம் சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில், ஒற்றை அறையும் சமையல்கட்டும் உள்ள வீட்டில், ஐம்பதுகளில் நான் கேட்டு வளர்ந்தவை. அப்பா சேலம் ஜங்ஷன் யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அதற்கு முன்னால், சண்டைக் காலத்தில், பட்டாளத்தில் ஸ்ட்ரெச்சர் தூக்கினவர். மலேயாவில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு லாரியில் அவரும் அந்த ஆஸ்திரேலியாக்காரனும் மாதக்கணக்கில் ஒன்றாக ஓடியிருக்கிறார்கள். அவன் ஓட்டுவான், அப்பா காயம்பட்டவர்களை ஏற்றி இறக்குவார். அவன் கழுத்தில் செபமாலை தொங்கியதைப் பார்த்துத்தான் முதலில் பேச்சுக் கொடுத்தாராம். வேலை இல்லாத நேரத்தில் இருவருக்கும் பேச இருந்தது ஊர்க்கதையும் வீட்டுக்கதையும்தான். பேசிப் பேசி ஒருவர் குடும்பத்தை மற்றவர் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

கதை எப்போதும் ஒரே இடத்தில்தான் முடியும். லாரி குண்டில் கவிழ்ந்தது, அவன் கால் நசுங்கியது. "என் மடியிலதான் உசுரு போச்சு" என்பார் அப்பா. அதோடு எழுந்து போய் வாய் கொப்பளிப்பார்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் நாங்கள் குடும்பத்தோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். தாத்தா கல்லறைக்கு ஒரு மெழுகுவர்த்தி, எனக்கு முன்னால் பிறந்து தவறிப்போன அண்ணனுக்கு ஒன்று. கடைசியாக ஒன்றை எடுத்துக்கொண்டு அப்பா மட்டும் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையடிக்குப் போவார். கல்லறை எங்கேயோ தூரத்தில் இருப்பவர்களுக்கு அங்கேதான் ஏற்றுவார்கள். மற்றவர்கள் ஏற்றி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அது எரிந்து முடியும்வரை காற்றுக்கு மறைப்பாகக் கையை வைத்துக்கொண்டிருப்பார். எங்களுக்குப் பசி உயிர் போகும். காவிரிக்கரையில் பிறந்த என் அம்மாவுக்குப் பொறுமை எப்போதுமே கொஞ்சம் குறைவு.

"அந்த ஆத்துமா மோட்சத்துக்குப் போயி எத்தன வருசமாச்சோ. இவரு இன்னும் படிக்கட்டுக்கு வெளிச்சம் புடிச்சுட்டிருக்காரு" என்பாள்.

கான்வென்டில் ஆங்கிலம் நன்றாக வந்ததும் எனக்குத் தலைக்கனமும் கூடவே வந்தது. அந்த ஊரின் பெயர் தெரியும், குடும்பத்தின் பெயர் தெரியும், நான் கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். "எப்படிச் செத்தான்னு அவங்க அம்மாவுக்குத் தெரிய வேண்டாமாப்பா?" என்று கேட்டேன். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஆளைப் பார்த்ததும் எடை போடுவதில் நான் கெட்டிக்காரி என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்பவள். என் அப்பாவிடம் மட்டும் தராசு தப்பிவிட்டது.

நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது, ஒரு விடுமுறை நாள் மத்தியானம், எங்கள் லைன் வீடுகளுக்கு முன்னால் ஒரு ஜட்கா வந்து நின்றது. அதிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் காலை இழுத்து இழுத்து இறங்கினார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஜட்காக்காரர் முந்திக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்.

"ஏனுங்கம்மா, இவரு டேசன்ல எறங்கி மலேயா மலேயாங்கறாரு. உங்க ஊட்டுக்காரரு பேரையுஞ் சொல்றாரு. நம்ம லைன்ல மலேயா போனது அவரு ஒருத்தருதானுங்களே. அதான் கூட்டியாந்துட்டேன்."

வெள்ளைக்காரர் அம்மாவைப் பார்த்து, பல நாள் ஒத்திகை பார்த்தவர் போல, நிறுத்தி நிறுத்திப் பேசினார். அவர் மலேயாவில் அம்மாவின் கணவரோடு இருந்தவராம். கணவர் இறந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவராம். அவர் எப்படிப்பட்ட மனிதராக இறந்தார் என்று வீட்டாரிடம் நேரில் சொல்லாமல் தான் சாகக் கூடாது என்று வந்தாராம். நான் தமிழில் சொன்னேன்.

"யாரு செத்தது?" என்றாள் அம்மா.

"அப்பாவாம்."

"காலையில சோத்துப் போசியத் தூக்கிட்டுப் போனாரே, அவரா?"

அப்பா யார்டில் டியூட்டியில் இருக்கிறார், விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவார் என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த மனிதர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. உங்கள் அக்காவுக்கு முன்பல் உண்டா என்று கேட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பொய்ப்பல் கட்டியிருக்கிறாள், இன்னும் குதிரை ஏறுகிறாள் என்றார். அதுவரை எங்கள் வீட்டில் 'அவன்' ஆக இருந்தவன் அந்த நொடியில் 'அவர்' ஆகிவிட்டார்.

அதன் பிறகு அவருக்கும் எனக்கும் போட்டி. நான் அவர் வீட்டுக் கதையைச் சொல்ல, அவர் எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னார். சேலம் ஜங்ஷனில் இறங்கிப் பெயரைச் சொன்னால் போதும் என்று அப்பா சொன்னது, தாத்தா தண்டவாளத்தில் காது வைத்து ரயில் வருவதைச் சொல்வது, எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் அம்மாவைப் பார்த்து, இப்போதும் கோபம் வந்தால் கரண்டியை வீசுவீர்களா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்ததும் அம்மாவின் முகம் சிவந்தது.

"அதையுமா அந்த மனுசன் வெள்ளைக்காரங்கிட்டச் சொல்லியிருக்காரு? வரட்டும், இன்னிக்கி வீசுறேன்."

சொன்னாளே தவிர, அடுத்த நிமிஷம் காப்பிக்கு அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். மெழுகுவர்த்தி விஷயத்தை நான் சொன்னபோது அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தன் மனைவி இறந்த பிறகு ஆடுகளை விற்றுவிட்டுக் கப்பலேறியதாகச் சொன்னார். தன் மகனுக்கு அப்பாவின் பெயரைச் சேர்த்து வைத்திருப்பதாகவும் சொன்னார். அது ஒரு புனிதரின் பெயர் என்பதால் அங்கே யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. ஆனால் மகனுக்கு மட்டும் தெரியுமாம், அது தன் தகப்பனுக்குத் தண்ணீர் எடுக்கப் போய்க் குண்டில் செத்த ஒரு தமிழனின் பெயர் என்று.

இங்கேதான் எனக்கு உதைத்தது. அப்பாவின் கதையில் இவர் அப்பா மடியில் செத்தார். இவர் கதையில் அப்பா தண்ணீர் எடுக்கப் போய்ச் செத்தார். இரண்டு பேருமே உயிரோடு இருந்தார்கள். பிறகு எந்தக் கதை உண்மை? கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வெயில் தாழ்ந்ததும் வந்தார். கையில் சிக்னல் விளக்கு, அக்குளில் சுருட்டிய கொடிகள், சட்டையெல்லாம் கரி. வெள்ளைக்காரர் எழுந்து நின்றார். அப்பா அவரை முகத்தில் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். செத்துப்போனான் என்று அழுத நண்பன் உயிரோடு எதிரில் நின்றால் யாரும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார்கள். அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். அவர் முகத்தில் இருந்தது பயம். அதைப் பார்த்து நானும் பயந்தேன். வெள்ளைக்காரர்தான் காலை இழுத்துக்கொண்டு போய் அப்பாவைக் கட்டிக்கொண்டார்.

உட்கார்ந்ததும் அவர் ஆங்கிலத்தில் பழைய கதையை எடுத்தார். உன்னைக் கொன்றது என் தாகம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், குண்டு பட்டும் எப்படிப் பிழைத்தாய் என்று கேட்டார். பதிலை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். குண்டு பட்டது, மயங்கி விழுந்தேன், யாரோ தூக்கிப் போனார்கள் என்று அப்பா சொல்லியிருக்கலாம். அந்த மகனின் பெயருக்கும் பங்கம் இல்லை, எங்கள் வீட்டிலும் அப்பா பழைய அப்பாவாகவே இருந்திருப்பார். யாருக்கும் தெரியப்போவதில்லை.

அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நீ சொல்லு சாமி. என் இங்கிலீசுல சொன்னா அது சின்னதாப் போயிரும். நான் சொல்றத அப்படியே சொல்லு."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மரத்தடியில இவர உக்கார வச்சேன். தண்ணி கேட்டாரு. வாய்க்கா பக்கத்துலதான். பாட்டில்ல புடிச்சுட்டு நிமுந்தேன், குண்டு விழுந்துச்சு. எம்மேல விழுவல. தூரமாத்தான் விழுந்துச்சு. எல்லாரும் ஓடுனாங்க, நானும் ஓடுனேன். திரும்பிக்கூடப் பாக்கல. மடியில உசுரு போச்சுன்னு சொன்னதெல்லாம் பொய்யி. பாட்டில் கையிலயே இருந்துச்சு. சாயங்காலம் அந்தத் தண்ணிய நாந்தான் குடிச்சேன்."

எனக்கு என் பழைய அப்பா வேண்டியிருந்தார். அதனால், எல்லோரையும் பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது, வேறு வழியில்லாமல் போனார் என்று ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னேன். அப்பாவின் பட்டாளத்து ஆங்கிலம் அதைக் கண்டுபிடிக்கப் போதுமானதாக இருந்தது.

"அப்படிச் சொல்லல நானு. ஓடுனேன்னு சொல்லு. பயந்து ஓடுனேன்னு சொல்லு."

சொன்னேன். கடைசியில் அந்தத் தண்ணீர் விஷயத்தையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அப்பா மேல் எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக, அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்து அப்பா கையில் இன்னும் இருந்த சிக்னல் விளக்கை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"ஓடுனதுனாலதான ஊடு வந்து சேந்தீங்க" என்றாள். அவ்வளவுதான். கரண்டி எதுவும் பறக்கவில்லை.

வெள்ளைக்காரர் தன் தொப்பியைச் சுற்றிக்கொண்டே பேசினார். அப்பா திரும்பி வராதபோது முதலில் தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொல்லித் திட்டினாராம். ஓடிவிட்டான் என்று அப்போதே தெரியுமாம். கொஞ்ச நேரம் கழித்து, அவன் செத்திருப்பான் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார். அப்படி நினைத்தபோது கால் வலி தாங்கும்படி இருந்ததாம். பின்னால் யாரோ தூக்கிப்போய்க் காப்பாற்ற, ஜப்பான்காரர்களின் சிறையில் கிடந்த வருஷங்களிலும் அந்த நினைப்பையே பிடித்துக்கொண்டிருந்தாராம். நாளாக ஆக அதுவே உண்மையாகிவிட்டது. தண்ணீர் கொண்டுவரப் போய்ச் செத்தவன் ஒருவன் தனக்கு வேண்டியிருந்தான், அதற்கு உன் பெயரை எடுத்துக்கொண்டேன், நீதான் என்னை மன்னிக்க வேண்டும் என்றார்.

அம்மா வெள்ளைக்காரரிடம் காப்பித் தம்ளரை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. அப்பாவைப் பார்த்து, அப்பாவே என்றோ லாரியில் கற்றுக்கொடுத்த ஒரு வார்த்தையைத் தமிழில் சொன்னார்.

"தண்ணி."

நான் எழப் போனேன். அம்மா என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். அப்பா எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். பானையில் மோந்து, செம்பு நிறைய, தளும்பத் தளும்ப இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். கரிபடிந்த விரல்களில் வழிந்து தரையெல்லாம் சிந்தியது. வெள்ளைக்காரர் செம்பை வாங்கி, அண்ணாந்து குடிக்கத் தெரியாமல் வாய் வைத்தே குடித்தார். ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுத்தான் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். அப்பா அந்த வெறும் செம்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். என் அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் எங்களோடு சில நாள் தங்கி, அம்மாவின் கைச்சோறு தின்று, ஊர்க்காரர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்து முடித்த பிறகு ரயிலேறினார். மகனின் பெயரை மாற்றப் போவதில்லை என்றார். அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு அப்பா பழக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக வாங்கிவிட்டார். சிலுவையடிவரை போனவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அம்மா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அடுத்த மழையில் கரண்ட் போனபோது சாப்பாட்டு நேரத்தில் அதை நடுவில் ஏற்றி வைத்தாள். ஜன்னல் திறந்திருந்தது, காற்றில் சுடர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அப்பா கையை வைத்து அதை மறைக்கவில்லை. அந்தக் கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.