வடக்குச் சுவர் ஓரம்

ஒத்தக்கடையைத் தாண்டி, மேலூர் ரோட்டிலிருந்து சற்று உள்ளடங்கி நின்ற மாதா கோயிலில் அடைக்கலமேரிதான் பாட்டுக்குழுவின் முதல் குரல். வாரமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நடுகிறவள், ஞாயிற்றுக்கிழமை வெளுத்த சேலை கட்டிக்கொண்டு மேல்மாடத்து மரப்படி ஏறிவிட்டால் ஆளே வேறு. ஆர்மோனியத்தின் முதல் கட்டை அமுங்கும்போது அவள் சாமியார் பக்கம் பார்க்க மாட்டாள். வடக்கு ஜன்னல் வழியாகக் கீழே தெரிகிற தரையைப் பார்த்துத்தான் பாடுவாள்.

அந்தத் தரையில் அவள் மகன் செபஸ்தி கிடந்தான். பெரியவர்களைக் கண்மாய்க்கு அப்பால் இருந்த கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். பால்குடி மாறாத பிள்ளைகள் மட்டும் மாதா பக்கத்திலேயே இருக்கட்டும் என்று கோயிலின் வடக்குச் சுவர் ஓரம் புதைப்பது அந்த ஊர் வழக்கம். கல் வைப்பதில்லை. குச்சிச் சிலுவை ஒரு மழைக்குத் தாங்கினால் பெரிது. செபஸ்தி காய்ச்சலில் போனபோது அடைக்கலமேரியும் அதே காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தாள். புருஷன் இன்னாசிதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தான். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

எழுபத்தொன்பதில் ஊர்ப் பெரிய தலைகள் சிலர், பழைய கோயிலை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்ட வேண்டும் என்றார்கள். முதலில் எதிர்த்து நின்றது பாட்டுக்குழுப் பெண்கள். அவர்களில் முன்னால் நின்றவள் அடைக்கலமேரி. மதுரைக்குப் பஸ் ஏறிப் போய், ஆயர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, ஆயர் வெளியே வரும்வரை மாதா பாட்டாகப் பாடினார்கள். கோயில் பிழைத்தது. பழைய கட்டடங்களில் பிரியமுள்ள ஹாலாஸ்யம் என்ற இன்ஜினியர் டவுனிலிருந்து வந்து, சுண்ணாம்புச் சுவரைத் தட்டிப் பார்த்து, "நூறு வருஷத்துக் கட்டடம். இன்னும் நூறு நிக்கும்" என்றார். அடைக்கலமேரி அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வாரப் பூசையில் அவர் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டாள்.

அவர் வரைந்த பிளானை ஒரு ஞாயிறன்று கோயில் வாசலில் தொங்கவிட்டார்கள். பங்குச் சாமியார் கம்பால் தொட்டுத் தொட்டு விளக்கினார். மேல்மாடத்துத் தேக்கு அப்படியே இருக்கும். ஓடு மாற்றப்படும். தெற்குப் பக்கத்து வெள்ளைக்காரச் சாமியார்களின் கல்லறைகளைச் சுற்றி வேலி போடப்படும். ஜனங்கள் கேட்ட கல்யாண மண்டபம், பழைய கட்டடத்தில் படாமல், வடக்கே காலி இடத்தில் வரும்.

காலி இடம் என்ற சொல் அவள் காதில் விழுந்தது. புரிவதற்குத்தான் கொஞ்ச நேரம் ஆனது.

கூட்டம் கலைந்ததும் இன்ஜினியரிடம் போனாள். "அய்யா, அங்கன பிள்ளைக கிடக்குதுகய்யா. மண்டபத்தத் தெக்க தள்ளிக் கட்டுங்க."

"தெற்கே அந்தக் கல்லறைகள் இருக்கேம்மா. அதெல்லாம் நூறு வருஷத்துப் பழமை. தொடக் கூடாது."

"எம்மகனுக்குப் பழமை பத்தலையாய்யா?"

அவர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் இரக்கமில்லாதவர் அல்ல. "ஆயர் கையெழுத்துப் போட்டாச்சு மேரி. கோயிலக் காப்பாத்தணும்னு மொத ஆளா நின்னது நீதானம்மா? வேலை தொடங்குறதுக்குள்ள எடம் இதுன்னு காட்டு. எடுத்துக் கல்லறைத் தோட்டத்துல வச்சு மந்திரிச்சுருவோம்" என்றார்.

வீட்டுக்கு வந்து இன்னாசியை உலுக்கினாள். "எங்கனய்யா வச்ச? சொல்லு."

"வேப்பமரத்துக்கு நேரா வச்சேன்."

"மரந்தேன் புயல்ல சாஞ்சு போச்சே!"

மறுநாள் உச்சி வெயிலில் மண்வெட்டியோடு இருவரும் போனார்கள். இன்னாசி நின்று பார்த்தான். ஓர் இடத்தைக் காட்டினான். முழங்கால் ஆழம் வெட்டிய பிறகு, "இல்ல, இன்னுங் கொஞ்சம் கிழக்க" என்றான். அங்கும் வெட்டினார்கள். பிறகு சுவரை ஒட்டி வெட்டினார்கள். வேர்களும் ஓட்டாஞ்சல்லியும் வந்தன. அடைக்கலமேரி ஒவ்வொரு கை மண்ணையும் உதிர்த்துப் பார்த்தாள்.

சத்தம் கேட்டுப் பாட்டுக்குழுத் தங்கப்பொண்ணு ஓடிவந்தாள். அவளுடைய பெண் குழந்தையும் அங்கேதான் இருந்தது. குழிகளைப் பார்த்ததும் அலறிவிட்டாள். "அடியே, இது எம்பிள்ள இருக்க எடம்டி! எம்பிள்ளையவா தோண்டுற?"

"இது எம்மகன் எடம்க்கா!"

குழுவில் சேர்ந்து பாடுகிற இரண்டு பேரும் ஒரே குழிக்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, மண்ணைக் கையால் மூடிக்கொண்டு சண்டை போட்டார்கள். அதற்குள் இன்னும் சில தாய்மார்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி காட்டிய இடத்தையே இன்னொருத்தியும் காட்டினாள். எவளுக்கும் நிச்சயம் இல்லை. இன்னாசி மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான்.

வேலை தொடங்கியபோது கொத்தனார் பேயாண்டி அவளை அளவுக்குக் கட்டிய கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார விட்டான். கடைக்கால் தோண்டிய மண்ணைக் கூடை கூடையாக அவள் முன்னால் கொட்டச் சொன்னான். அவள் தேடினாள். பொழுது சாயும் நேரத்தில் அவன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"ஆத்தா, நானும் பிள்ளையப் பறிகுடுத்தவந்தேன். பச்சப்பிள்ள எலும்பு மண்ணுல நிக்காதுத்தா. கரைஞ்சு போயிரும். இம்புட்டு மண்ணுலயும் அவந்தேன் இருக்கான்."

ஆறுதலாகத்தான் சொன்னான். அவளுக்கோ அப்போதுதான் எல்லாம் கைவிட்டுப் போனது. எடுத்துப் போக ஒன்றும் இல்லை என்றால், விட்டுப் போகவும் வழியில்லை. முந்தானை நிறைய மண்ணை அள்ளினாள். எந்த மண் என்று தெரியாமல் அப்படியே கொட்டினாள்.

அடிக்கல் மந்திரிக்க ஆயர் வந்தார். மாலையும் கொட்டுமாக ஊரே திரண்டது. சாமியார் கேட்டுக்கொண்டபடி அடைக்கலமேரி குழுவின் முன்னால் நின்றாள். ஆர்மோனியம் எடுத்துக் கொடுத்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி எடுத்துக் கொடுத்தார்கள். அவள் பள்ளத்தில் இறக்கப்பட்ட கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கப்பொண்ணுதான் அழுதுகொண்டே பாட்டைத் தூக்கினாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆயர் தீர்த்தம் தெளித்தார்.

அதன்பிறகு அடைக்கலமேரி மாடிப்படி ஏறவில்லை. பூசைக்குப் போவாள். கீழே கடைசித் தூண் அருகே முக்காடு போட்டுக்கொண்டு உட்காருவாள். எல்லாரும் பாடும்போது உதடுகூட அசையாது. மேல்மாடத்துத் தேக்குக்குப் பாலிஷ் போட்டுப் புதிதுபோல ஆக்கியிருந்தார்கள். டவுனிலிருந்து ஆட்கள் வந்து போட்டோ எடுத்துப் போனார்கள்.

மண்டபம் திறந்த மறுவருஷம் இன்னாசியின் தங்கை மகளுக்கு அங்கே கல்யாணம். தாய்மாமன் போகாமல் இருக்க முடியாது. பந்தியில் இருவரையும் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். இலை போட்டுச் சோறு விழுந்தது. அடைக்கலமேரி இலையைத் தாண்டி, வழவழப்பான சிமெண்ட் தரையை உள்ளங்கையால் தடவினாள். கை அங்கேயே நின்றது.

"சாப்பிடு தாயி," என்றான் இன்னாசி மெதுவாக.

"எனக்கு எறங்கலய்யா. நீ சாப்புடு."

அவன் ஒரு கவளம் உருட்டினான். வாய்வரை கொண்டுபோய்த் திரும்ப இலையில் வைத்தான். பரிமாறுகிறவர்கள் பார்க்க, உறவுமுறை பார்க்க, இரண்டு இலைகளையும் சோற்றோடு மடித்துவிட்டு அவள் கையைப் பிடித்து எழுப்பினான். "மாமன் கோவிச்சுக்கிட்டுப் போறாரு" என்று யாரோ சொன்னது கேட்டது. இருவரும் ரோட்டுக்கு நடந்தார்கள்.