கல்லு மாதிரி காத்து

ரோடு இல்லாத இடத்தில் வண்டி ஓட்ட ஆசைப்படுகிறவர்களையும், ரோடு இல்லாததால் ஓட்டியே தீர வேண்டியவர்களையும் ஒரே ஜாக்கியில் தூக்கி நிறுத்துகிற தொழில் எங்களுடையது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் கடை. நானும் வெல்டர் ரஹீம் பாயும் பார்த்துக்கொள்கிறோம். கம்பெனியிலிருந்து வந்த வண்டியை மணலுக்கும் சேற்றுக்கும் மேடு பள்ளத்துக்கும் தோதாக்கித் தருவோம். ஞாயிற்றுக்கிழமையானால் புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு இரும்பை கிராமத்துக்குப் பக்கத்துச் செம்மண் மேட்டுக்கோ மண்டகப்பட்டு பக்கத்துக் கரட்டுக்கோ போய்வருவேன்.

நீங்களும் இந்தப் பைத்தியம் பிடித்தவராக இருந்தால், சேறு அப்பிய சட்டையோடு வீட்டு வாசலில் நின்று திட்டு வாங்கியிருப்பீர்கள். வாங்காதவர்கள் இன்னும் வண்டி வாங்கவில்லை என்று அர்த்தம். ஆகவே இங்கே சொல்லப்போவதில் பாதி உங்களுக்கும் தெரிந்த சங்கதிதான்.

மூக்கு வைக்கணும்

விழுப்புரத்திலிருந்து ஒருத்தர் வந்தார். புது வண்டி, சீட்டு மேல் பாலித்தீன் கவர்கூட எடுக்கவில்லை. பானெட்டுக்குப் பக்கத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் வைப்பார்களே, ஸ்நார்க்கல், அது வேண்டுமாம். கூரை மேல் வரிசையாக லைட் வேண்டுமாம். வண்டியை அரை அடி தூக்கியும் விட வேண்டுமாம். "சார், இதுவரைக்கும் எங்க ஓட்டியிருக்கீங்க?" என்று கேட்டேன். "பைபாஸ்ல" என்றார்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ரஹீம் பாய் கண்ணைக் காட்டினார், அடக்கிக்கொண்டேன். முதலில் டயரை மாற்றுங்கள், முன்னாலும் பின்னாலும் சேஸிஸில் போல்ட் போட்டு ஒரு கொக்கி, ஒரு நல்ல இழுவைப் பட்டை, ஒரு மண்வெட்டி, காற்று பார்க்கிற கேஜ், பேட்டரியில் மாட்டுகிற குட்டி கம்ப்ரசர், இவ்வளவு போதும், ஒரு வருஷம் ஓட்டிவிட்டு மீதிக்கு வாருங்கள் என்று சொன்னேன். மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது. இதில் எதுவும் வெளியே தெரியாதே! உள்ளே உட்கார்ந்திருந்த அவர் மனைவி அப்போதுதான் கண்ணாடியை இறக்கினார். "தண்ணிக்குள்ள போறதுக்கு மூக்கு வக்கச் சொல்றாரா? எங்க தெருவுல மழைத்தண்ணி நின்னா, ஆழம் பாருன்னு என்னத்தாங்க முதல்ல எறங்கச் சொல்றாரு."

ஏழுமலை அண்ணன்

அதே வாரம் வந்தவர் ஏழுமலை அண்ணன். பிரம்மதேசத்துக்கு அந்தாண்டை, ஓடையைத் தாண்டி, நிலத்திலேயே, எங்கள் பேச்சில் கொல்லையிலேயே, வீடு கட்டிக்கொண்டு மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கேப்பையும் பயிர் வைக்கிறவர். அவர் மனைவி வசந்தா அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு ரெண்டு தடவை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒரு தடவை தவறினால் உடம்பில் நீர் ஏறிவிடும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும்.

போன மழைக்கு ஓடையில் தண்ணீர் வந்தது. ஆம்புலன்ஸ் அக்கரையிலேயே நின்றுவிட்டது. டிராக்டர் தேடிப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. பிழைத்ததே பெரிய விஷயம். அதற்கப்புறம் மாடுகளை விற்றுவிட்டு, யாரோ ஓட்டித் தீர்த்த பழைய ஃபோர் வீல் ஜீப்பை வாங்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்து நின்றார். இன்னும் கொஞ்ச நாளில் அடுத்த மழை. "இதுக்கு என்னண்ணா பண்ணணும்?" என்று கேட்டேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அழகு ஒண்ணும் வாணாம் தம்பி. ஓடைக்கு இந்தாண்ட அவள கொண்டாந்து விட்டுரணும், அவ்ளோதான்."

காத்துச் சண்டை

ரஹீம் பாய் அந்த வண்டிக்கு உயிரைக் கொடுத்து வேலை செய்தார். ஒரு லாரியிலிருந்து கழற்றிய தகட்டை வளைத்து அடியில் கவசம் போட்டார். கியர் பெட்டிக்குள் தண்ணீர் போகாமல் மூச்சுக் குழாயை மேலே ஏற்றிக் கட்டினார். கொக்கி, பட்டை, சேற்றுக்கு ஏற்ற டயர் எல்லாம் ஆயிற்று. கடைசியில், "அண்ணா, ஓடைக்கரை வந்ததும் நாலு டயர்லயும் பாதி காத்த எறக்கிடுங்க" என்றேன். அவ்வளவுதான், ஏழுமலை அண்ணன் என்னை அடிக்க வருகிற மாதிரி பார்த்தார்.

நம்ம பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். மல்லாட்டை மூட்டை ஏற்றுகிறோமா, கரும்பு ஏற்றுகிறோமா, வழி மோசமா, உடனே பஞ்சர் கடையில் நிறுத்தி, "கல்லு மாதிரி அடிச்சு விடு" என்போம். பஞ்சர் கடைக்காரரும் டயரைத் தட்டிப் பார்த்து, டங்கென்று கேட்டால்தான் விடுவார். பாரம் ஏற்ற அது சரி. சேற்றுக்கும் மணலுக்கும் அது எமன். சேற்றில் நடக்கும்போது நாம் பாதத்தை அகட்டி வைப்பதில்லையா, அது மாதிரி டயரும் தளர்ந்து அகலமாக உட்கார வேண்டும், அப்போதுதான் புதையாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் கேட்கிற மாதிரி இல்லை. "காத்து போன வண்டின்னா எங்க ஊர்ல நின்னு போன வண்டின்னு அர்த்தம் தம்பி. அவள உள்ள வச்சுக்கினு நான் அந்த வேலைய பண்ணவே மாட்டேன்."

கரையில் அறுந்த கயிறு

மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து குமார் என்று ஒருவர் வந்தார். கடல் தொழில். ஒரு பழைய பிக்கப் வைத்துக்கொண்டு படகை மணலில் இழுத்து ஏற்றுவார். நல்ல இழுவைப் பட்டை வேண்டும் என்றார். எத்தனை டன் தாங்கணும், எவ்வளவு நீளம் என்று நான் பேசிக்கொண்டே போக, அவர் பட்டையைக் கையில் உருவி உருவிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் எரிச்சல் வந்தது. வாங்க வந்தவர் வாயைத் திறக்க வேண்டாமா?

அப்புறம் அவரே சொன்னார். புதைந்த வண்டியை இன்னொரு வண்டியால் இழுத்திருக்கிறார்கள். வலைக்கு வாங்கிய பழைய கயிறு, நுனியில் இரும்பு வளையம். வேடிக்கை பார்க்கப் பத்துப் பேர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்கள். நீங்களும் நானும் எத்தனை தடவை அப்படி நின்றிருப்போம்! கயிறு அறுந்ததும் வளையம் பறந்து வந்தது. பட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, போகும்போது குமார் சொன்னது இதுதான். "கடல்ல எத்தினியோ கயிறு அறுந்துக்குது, ஒண்ணும் ஆவல. கரையில அறுந்த கயிறுதாங்க என் தம்பி கண்ண எடுத்துக்கினு போயிடுச்சு."

காலி இடம்

மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதியவர்கள் நாலு வண்டி. புதுச்சேரியிலிருந்து வந்த பையன் ஒருவன் வண்டிப்பாதையை விட்டு விலகி, சிவப்பாக, புழுதி பறக்கத் தோதாக விரிந்து கிடந்த இடத்தில் ரெண்டு வட்டம் அடித்துவிட்டான். நான் கத்தியது அவன் காதில் விழவில்லை. விழுந்தது கொல்லைக்காரம்மாவுக்குத்தான், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். "காலியாத்தானே இருந்துச்சு ஆன்ட்டி" என்றான் பையன்.

அந்தம்மா வைவார் என்று நினைத்தேன். வைதிருந்தால் தேவலை. டயர் போன தடத்தில் குந்தி, மண்ணை விரலால் கிளறி, நசுங்கிப் போன மல்லாட்டை விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். எல்லோரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தடத்தை நிரவினோம். அன்றிலிருந்து என்னோடு வருகிறவர்களுக்கு ஒரே சட்டம்தான்: எந்த இடமானாலும் முதலில் வண்டியை நிறுத்து, இறங்கு, நடந்து பார், அப்புறம் ஓட்டு. அந்தம்மா பையனிடம் கோபமே இல்லாமல் சொன்னார். "காலி இல்லப்பா, நேத்துதான் வெதைச்சேன். மொளைக்கிற வரைக்கும் எல்லா கொல்லையும் காலி மாதிரிதான் தெரியும்."

பி.பி. பார்த்தது

ஏழுமலை அண்ணனை ஒரு நாள் வற்புறுத்திக் காய்ந்த ஏரிக்குள் ஓட்டிப் பழகக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழி என்பதால் வசந்தா அக்காவும் கூட இருந்தார். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு. வெயில் கொளுத்துகிறது, அக்காவோ பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி உதட்டை நனைத்துக்கொள்கிறார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று கணக்காம். என் தண்ணீர் பாட்டிலை வண்டிக்குள் ஒளித்துவிட்டேன்.

ஏழுமலை அண்ணன் ஓட்டினார், நன்றாகவே ஓட்டினார். அவர் வண்டியில் காற்றை இறக்க மட்டும் விடவில்லை. சரி, என் ஜீப்பில் செய்து காட்டுகிறேன் பாருங்கள் என்றேன். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். வசந்தா அக்கா இறங்கி வந்து, "இது என்னா தம்பி, பி.பி. பாக்கறது மாதிரி இருக்குது?" என்று கேஜை வாங்கினார். வால்வை அமுக்கி, புஸ்ஸென்று காற்று போவதைக் கேட்டு, முள் இறங்குவதைப் பார்த்து, நாலு டயரையும் அவரே முடித்தார். பழைய கேஜ் ஒன்று இருந்தது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று கொடுத்தேன். ஆஸ்பத்திரிப் பையில் போட்டுக்கொண்டு சிரித்தார். "எல்லாரும் எனக்குத்தான் பி.பி. பாத்துக்கினு இருந்தாங்க. இன்னிக்கு நானும் ஒருத்தனுக்குப் பாத்துட்டேன்."

மழை

மழை வந்தது. விடாமல் அடித்து, காலையில் ஓய்ந்தது. அன்றைக்கு வசந்தா அக்காவுக்கு ஆஸ்பத்திரி நாள். ஏழுமலை அண்ணன் போன் செய்தார். ஓடையில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர், தாண்டிவிட்டாராம். இந்தக் கரையில் ஏறும்போது வண்டலில் நாலு சக்கரமும் புதைந்துவிட்டது. மழை வருகிறதே என்று முந்தின நாள் பஞ்சர் கடைக்குப் போய்க் கல்லு மாதிரி காற்று அடித்துக்கொண்டு வந்திருக்கிறார், மகராசன்! "சுத்துது தம்பி, ஏற மாட்டேங்குது. அவளுக்கு மொகம் வீங்கிக்கினு வருது" என்றார். குரல் உடைந்திருந்தது. "காத்த எறக்குங்கண்ணா, கால்ல வேணா விழறேன்" என்று நான் கத்தினேன். "டயர் படுத்துட்டா அப்புறம் நான் என்னா பண்ணுவேன்?" என்று அவரும் கத்தினார். போன் கட்டாகிவிட்டது.

நானும் ரஹீம் பாயும் பட்டையையும் மண்வெட்டியையும் வாரிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். பாய் வழி முழுக்க "ஜல்தி, ஜல்தி" என்று டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டே வந்தார். திரும்பத் திரும்ப போன் செய்கிறோம், அவர் எடுக்கவில்லை. எனக்கு அந்த டிராக்டர் கதைதான் நினைவுக்கு வந்தது.

பிரம்மதேசம் போகும் வழியில் ஒரு வளைவில், எதிரே அந்த ஜீப் வந்தது. கூரை வரைக்கும் சேறு. நாலு டயரும் தளர்ந்து, பிதுங்கி, அசைந்து அசைந்து வந்தது. இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு அழகான வண்டியை நான் பார்த்ததில்லை. நிறுத்தினார்கள். ரஹீம் பாய் கம்ப்ரசரை எடுக்க ஓடினார். ஏழுமலை அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், "நான் போன்ல உன்னாண்ட பேசிக்கினு இருக்கறப்பவே எறங்கிட்டாப்பா. நடந்து பாத்தா. அப்புறம் சேத்துலயே குந்திக்கினு ஒவ்வொண்ணா எறக்கிட்டா" என்றார். வசந்தா அக்காவின் புடவை இடுப்பு வரை சேறு, முகம் வீங்கிக் கண் சிறுத்திருந்தது. மூச்சு வாங்கியது. மடியில் கேஜ்.

"எப்படிக்கா அண்ணன சம்மதிக்க வச்சீங்க?" என்று கேட்டேன். நிறுத்தி நிறுத்தி, மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார். "சம்மதம் யாரு கேட்டா? ஒடம்புல ஏறினத எறக்கி விட்டாத்தானே நானே எழுந்து நடக்கறேன்... அது மாதிரிதான் வண்டியும்னு, இத்தினி வருஷமா என்ன ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போற மனுஷனுக்குத் தெரிய வாணாமா தம்பி?"

லைட்டுக்கும் மூக்குக்கும் வரிசையில் நிற்கிறார்கள், எங்கள் கடையில் காசே இல்லாமல் கிடைக்கிற அப்கிரேடு காற்றை இறக்குவது ஒன்றுதான், அதற்குத்தான் இன்னமும் ஒவ்வொருத்தர் காலிலும் விழ வேண்டியிருக்கிறது.