மாமனார் வாங்கிய ஆயில் எஞ்சின்

ஆலங்குடிப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டுப் போன மறுவருஷம் என் மாமனார் ஆயில் எஞ்சின் வாங்கினார். ஊரில் அதுதான் முதல் எஞ்சின். அது வந்து இறங்குவதற்கு முன்பே, கிணற்றில் கமலை இழுத்த மாடுகளை விற்றுவிட்டார். மாடு கட்டிய வீட்டை அதிகாரிகள் மதிக்கமாட்டார்களாம்.

தொடக்க விழாவுக்கு வட்டார வளர்ச்சி அதிகாரி ஜீப்பில் வந்தார். இனி மாட்டுக்கும் ஓய்வு, பெண்களுக்கும் ஓய்வு என்று பேசினார். வந்த கூட்டத்துக்கு நான் குடிதண்ணீர் சுமந்துகொண்டிருந்ததால் மீதிப் பேச்சைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

எஞ்சின் ஓடியது, தண்ணீர் பாய்ந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். ஜீப் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் குழாயில் வெறும் காற்று வந்தது. மாடு இறைக்கும் வேகத்துக்கு ஊறிப் பழகிய கிணறு அது. கடலைக் கொல்லை பாதிகூட நனையவில்லை.

"எஞ்சின்ல கோளாறு இல்ல. கெணறுதான் சோம்பேறி," என்றார் மாமனார்.

வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார். தண்ணீர் வந்தது. பக்கத்துக் கொல்லையில் அவர் தம்பியின் கிணறு வற்றியது. தம்பி வந்து வாசலில் நின்றார்.

"அண்ணே, எங் கெணத்துல குடம் முங்கல. கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்க."

"நீயும் ஒண்ணு வாங்கு. எத்தனை காலத்துக்குப் பட்டிக்காட்டானாவே இருப்ப?"

தம்பியும் கிணற்றை வெட்டி எஞ்சின் வைத்தார். அதன்பின் யார் முதலில் ஓட்டுவது என்று விடிவதற்கு முன்பே போட்டி. ஒரே ஊரில் இரண்டு எஞ்சின் என்று அதிகாரிக்குப் பூரிப்பு. மாமனாருக்குச் சிறந்த விவசாயி என்று கண்ணாடி போட்ட பட்டம் கொடுத்துவிட்டு, பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போனார்.

சித்திரையில் இரண்டு கிணற்றிலும் சேறுதான். கடலை கருகியது. மாமனார் யாரிடமும் சொல்லாமல் ஒரு ஜோடி மாடு வாங்கி வந்தார். கிணறு ஆழமாகிவிட்டதால் கமலை வடம் அடியை எட்டவில்லை.

அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தம்பி மனைவியும் நானும் குடத்தோடு கண்மாய் ஊற்றுக்குச் சேர்ந்தே நடந்தோம்.

"ஒங்க வீட்டு எஞ்சின் எப்புடியிருக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

"நல்லா இருக்குங்க அத்தை. மாமா தெனமும் தொடச்சு வைக்கிறாங்க."

"எங்க வீட்டுலயும் அதே சோலிதான்," என்று குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டார்.