பாதிக்குக் கீழே

அக்காவின் மனிசன், என் அத்தானுக்கு என்னைக் கண்ணிலும் காட்டக் கூடாது, எனக்கும் அவரை அப்படித்தான். அம்மா தன் உரும்பிராய்க் காணியை அக்காவுக்கும் எனக்கும் சரிபாதியாகச் சீதனம் எழுதித் தந்தாள். இடையில் வேலி, வேலியில் ஆள் நுழைகிற இடைவெளியாக ஒரு பொட்டு. அந்தப் பொட்டால் அக்காவும் நானும் நாளுக்குப் பத்துத் தரம் போய்வந்தோம். நான் வேலியை ஒரு முழம் தள்ளிக் கட்டிவிட்டேன் என்று அத்தான் கத்தினார். ஒரு முழமெல்லாம் இல்லை, நாலு விரல்தான். நானும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மறுநாளே அந்தப் பெரிய மனுஷன் பொட்டைத் தகரத்தால் அடைத்தார். அக்காவின் பேச்சும் அத்தோடு நின்றது. இரண்டு வருடமாக அந்தத் தகரத்தைக் கண்டாலே எனக்கு வயிறு பற்றி எரியும்.

கைபேசியில் மட்டும் அத்தானும் நானும் ஒரே களத்தில் நின்றோம். கோட்டை கட்டிச் சண்டை பிடிக்கிற விளையாட்டு. நல்லாயிருந்த காலத்தில் ஒன்றாகச் சேர்ந்தது. அவர் பெரிய கோட்டைக்காரர், நான் சின்னவள். ஆனால் அதில் ஒரு நல்ல சட்டம் உண்டு: தன் புள்ளியில் பாதிகூட இல்லாத ஒருவரை எவரும் அடிக்க முடியாது. நான் வேண்டுமென்றே பாதிக்குக் கீழேயே கிடந்தேன். அவர் பல்லைக் கடிப்பதை நினைத்தால் எனக்கு இரண்டு பிடி சோறு கூட இறங்கும்.

ஒருநாள் காலையில் அவரிடமிருந்து என் கோட்டைக்குக் கல்லும் மரமும் வந்திருந்தன. கூடவே ஒரு செய்தி: "இதை வைச்சுக் கட்டு. சண்டை பிடிச்சது காணும், இனி விடுவம்."

"இஞ்சேருங்கோ, அத்தான் இறங்கி வந்திட்டார்!" என்று என் கணவரிடம் ஓடினேன்.

"உவரோ? கவனமாயிரு," என்றார் அவர்.

"உங்களுக்கு எல்லாத்திலையும் சந்தேகம்!"

பொட்டுத் திறக்கும், அக்கா வருவாள். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். அத்தான் மூன்று நாள் அனுப்பினார். மூன்று நாளும் வெட்கங்கெட்டு வாங்கி, உயரமாக மதில் கட்டினேன். கட்டுகிற ஒவ்வொன்றுக்கும் புள்ளி ஏறும் என்பதை இந்த மண்டை யோசிக்கவில்லை. மதில் முடிந்தது, நான் பாதியைத் தாண்டினேன், அரை மணித்தியாலத்தில் அத்தானின் படை உள்ளே நின்றது. ஒரு களஞ்சியம் மிச்சமில்லை. "இப்ப அடிக்கலாம்தானே?" என்று ஒரு செய்தி வேறு. நாசமாய்ப் போவார்!

அன்று பின்னேரம் தகரத்துக்கு மேலால் ஒரு கிண்ணம் நீண்டது. பிடித்திருந்தது அக்காவின் கை.

"எடியே, கொழுக்கட்டை. உனக்கு விருப்பமெண்டு அவிச்சனான்."

இரண்டு வருடத்தில் அவளுடைய முதல் பேச்சு.

"அடுத்தது என்னத்தைப் பிடுங்கப் போறியள்? உன்ரை மனிசனுக்கே குடு!" என்றேன்.

"என்னடி சொல்லுறாய்? அவர் என்ன செய்தவர்?"

"நடிக்காதை. கொண்டு போ!"

கிண்ணத்தோடு கை இறங்கியது. விளையாட்டு என்றால் என்னவென்றே அக்காவுக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

இரவுச் சமையலுக்குக் குசினிக்குள் வந்த பிறகுதான் அந்தக் கிண்ணம் கண்ணுக்குள் வந்தது. விளிம்பு நசுங்கிய கிண்ணம். என்னுடையது. சண்டைக்கு முதல்நாள் நான் கறி போட்டுக் கொடுத்துவிட்டது. வெறுங்கிண்ணமாகத் திருப்பித் தரக் கூடாதென்று இவ்வளவு நாளும் வைத்திருந்திருக்கிறாள். இன்னும் அவள் வீட்டில்தான் கிடக்கிறது.