முறத்தில் போட்ட ஜப்பான் எழுத்து

கள்ளிக்குப்பத்து முனியம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. ஆனால் ஜப்பான் எழுத்து அறுபது தெரியும். 1945-ல் ஆவடிப் பட்டாளத்துக் கிடங்கில் இதைச் சொன்னால் யாரும் வியக்கமாட்டார்கள். அவர்களுக்குப் பழகிவிட்டது. வெளியில் சொன்னால்தான் நான் கதை அளப்பதாக நினைப்பார்கள்.

அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது இருக்கும். பிறந்த தேதியைக் குறித்து வைக்கிற வீடு இல்லை அவளுடையது. நூம்பலில் கோதண்டம் என்பவரின் நிலத்தில் தலைமுறையாக வேலை. பிள்ளை பெற்ற எட்டாம் நாள் நடவுக்குக் கூப்பிட்டார்கள், போனாள். வரப்போரம் கிடத்தியிருந்த குழந்தை மழையில் நனைந்து, காய்ச்சல் கண்டு, மூன்றாம் நாள் போய்விட்டது. கோதண்டம் கெட்டவர் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். குழந்தையை மூடப் புதுத் துணி கொடுத்தாராம். அந்தப் புதுத் துணிக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

முனியம்மா யாரிடமும் சண்டை போடவில்லை. புருஷன் சின்னசாமியை அழைத்துக்கொண்டு கள்ளிக்குப்பத்துக்கு வந்து குடிசை போட்டாள். அவன் செங்கல் சூளைக்குப் போனான், அவள் ஆவடிக் கிடங்கில் தலைச்சுமைக்குச் சேர்ந்தாள். நூம்பல் வரப்பை இனி மிதிப்பதில்லை என்பது அவள் முடிவு. அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் அந்த முடிவைக் காப்பாற்றத்தான்.

அந்த வருஷம் தையிலிருந்து பர்மாப் பக்கத்தில் பிடிபட்ட ஜப்பான்காரன் சரக்கு ரயிலில் வாகன் வாகனாக வந்து இறங்கியது. பெட்டி மேல் எழுதியிருப்பது அரிசியா, மருந்தா, வெடியா என்று தெரிந்தால்தான் எந்தக் கொட்டகையில் இறக்குவது என்று சொல்ல முடியும். அதற்காக ஆறு கிளார்க்குகளுக்கு ஜப்பான் எழுத்து சொல்லிக்கொடுக்க உலகநாதன் என்பவரை அமர்த்தினார்கள். பூந்தமல்லிக்காரர். கோபே துறைமுகத்தில் பஞ்சு வியாபாரி ஒருவரிடம் ஒன்பது வருஷம் கடிதம் எழுதிக்கொண்டிருந்து, யுத்தத்துக்குச் சற்று முன் ஊர் திரும்பியவர். ஒழுங்கு என்றால் உயிர். செருப்பைக் கழற்றினால்கூட நூல் பிடித்த மாதிரி வைப்பார்.

அவர் பிஸ்கோத்துப் பெட்டி அட்டைகளை வெட்டி அறுபது சீட்டு செய்தார். முன்பக்கம் ஜப்பான் எழுத்து, பின்பக்கம் அதன் உச்சரிப்பும் தமிழில் அர்த்தமும். சாப்பாடு, மருந்து, சாமான், ஆபத்து என்று பதினைந்து பதினைந்தாக நான்கு கட்டுகள். திங்கட்கிழமை சாப்பாட்டுக் கட்டு, செவ்வாய்க்கிழமை மருந்துக் கட்டு, இப்படி. அன்றன்றைக்கு மாலையில் பரீட்சை. ஆறு கிளார்க்குகளும் பதினைந்துக்குப் பதினைந்து வாங்கினார்கள். கிடங்கு அதிகாரியான வெள்ளைக்காரத் துரை, உலகநாதனின் கையைக் குலுக்கினார்.

கிளார்க்குகளில் ஒருவன் எத்திராஜ், நூம்பல் கோதண்டத்தின் தங்கை மகன். பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவன். பார்க்க லட்சணமாக இருப்பான். அவனைக் கண்டால் முனியம்மா பண்ணை வீட்டாரைக் கூப்பிடுகிற பழைய பழக்கத்தில் "ஆண்டே" என்பாள். அவனும் அதைக் கேட்டுக்கொள்வான்.

மாசி மாதம் ஒரு காலை வாகன் கதவைத் திறந்து, எத்திராஜ் ஒரு பெட்டியைப் பார்த்தான். "அரிசி. மூணாம் நம்பர் கொட்டா" என்றான். முனியம்மா சும்மாட்டைத் தலையில் வைத்தவள் பெட்டியைத் தூக்காமல் நின்றாள்.

"இன்னா நின்னுகினு கீறே? தூக்கு."

"இது அரிசி இல்லே ஆண்டே. நெருப்பு."

"உனக்கு இன்னா தெரியும்?"

"தெரியும். இத்த மூணுல கொண்டாந்து வெக்கமாட்டேன்."

கூடச் சுமக்கும் ராஜம்மா, அவளும் நூம்பலை விட்டு வந்தவள்தான், முனியம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சத்தம் கேட்டு உலகநாதன் வந்தார். பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. அது தீயைக் குறிக்கும் எழுத்து. உள்ளே வெளிச்சக் குண்டுகள். மூன்றாம் நம்பரில்தான் சமையல்காரர்கள் பீடி பிடிப்பார்கள்.

எத்திராஜை முட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஜப்பான் எழுத்தில் தீ என்பது கால் அகட்டி நிற்கும் ஆளின் இரண்டு தோளிலும் பொறி தெறிப்பது போல இருக்கும். அரிசி என்பது கூட்டல் குறி போட்டு நாலு மூலையிலும் ஒவ்வொரு கோடு இழுத்தது. தண்ணீர் என்பது நட்ட கம்புக்கு இரண்டு பக்கமும் ஒடிந்த கிளை. மூன்றும் பங்காளி ஜாடை. ஆனால் அரிசி திங்கட்கிழமைக் கட்டில் இருந்தது, தீ வியாழக்கிழமைக் கட்டில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. திங்கட்கிழமை எதைக் காட்டினாலும் சாப்பாடு என்று தெரிந்த பிறகு பதினைந்து வாங்குவது என்ன பிரமாதம்?

உலகநாதன் முனியம்மாவைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். "யார் சொல்லிக்கொடுத்தது உனக்கு?"

"யாரும் சொல்லலே வாத்தியாரே. வாகன்லே எல்லாம் கலந்து தானே வருது? தப்பான கொட்டாயிலே எறக்கிட்டா திருப்பித் தூக்கியாரணும். கழுத்து ஒடஞ்சிடும். அப்பறம் மறக்குமா?"

ஒன்பது வருஷம் ஜப்பானில் இருந்தவருக்கு இதை ஒரு சுமைகாரி சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு வருத்தமாக இருந்தது என்று பின்னாளில் அவரே ஒத்துக்கொண்டார். அன்றைக்கே இன்னொரு அறுபது சீட்டு எழுதி அவளிடம் கொடுத்தார். உச்சரிப்பையும் வாயால் சொல்லிக்கொடுத்தார்.

பின்பக்கத் தமிழ் அவளுக்கு உதவாது. ஆகையால் கஞ்சிப் பசை வைத்து அரிசிச் சீட்டில் ஒரு அரிசியை ஒட்டினாள். மருந்துக்குப் பஞ்சு, தீக்கு எரிந்த குச்சி, கம்பிக்குக் கம்பித் துண்டு, எண்ணெய்க்கு விரலால் ஒரு கறை. தண்ணீரை ஒட்ட முடியாது என்று அந்தச் சீட்டை மட்டும் வெறுமையாக விட்டாள். ஒட்ட முடியாத மற்றவைக்கு உலகநாதன் படம் போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் உலை கொதிக்கிற நேரத்தில் அறுபதையும் முறத்தில் போட்டு நாலு புடை புடைப்பாள். மேலே எது வந்ததோ அதைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திருப்புவாள். தப்பினால் சீட்டை வைத்துவிட மாட்டாள், மறுபடி முறத்துக்குள் போட்டுப் புடைப்பாள். சின்னசாமி வந்து, "சோறு ஆச்சா?" என்று கேட்டால், "கோமே வேவுது" என்பாள். கோமே என்றால் ஜப்பானில் அரிசி. அவன் தலையில் அடித்துக்கொள்வான்.

உலகநாதன் தன் வகுப்பிலும் நூல் கட்டுகளை அறுத்து அறுபதையும் ஒன்றாகக் குலுக்கினார். முதல் நாள் எத்திராஜ் அறுபதுக்குப் பத்தொன்பது. இன்னொருவன் பதினான்கு. கிளார்க்குகள் துரையிடம் போய், நன்றாகப் போய்க்கொண்டிருந்த படிப்பை வாத்தியார் கெடுத்துவிட்டார் என்று மனுக் கொடுத்தார்கள். துரை மார்க்குப் பட்டியலைப் பார்த்தார். முன்பு எல்லாம் முழு மார்க்கு, இப்போது எல்லாம் பாதிக்குக் கீழே. பழைய கட்டுகளையே நடத்தச் சொன்னார். உலகநாதன் பதினைந்து நாள் தவணை கேட்டார். அதுவரை எந்த மார்க்கையும் கேட்காதீர்கள், வாகனிலிருந்து தப்பான கொட்டகைக்குப் போகும் பெட்டியை மட்டும் எண்ணுங்கள் என்றார். வேலை போனாலும் போகட்டும் என்று இருந்திருக்கிறார். ஒழுங்குப் பைத்தியத்துக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

பதினைந்தாம் நாள் வந்த வாகனில் முந்நூறு பெட்டி. தப்பாகப் போனது நான்கே நான்கு. அன்று கதவருகே நின்று பார்த்தவர்களில், உலகநாதன் சொல்லி, முனியம்மாவும் ஒருத்தி. அவள் பார்த்ததில் ஒன்றும் தப்பவில்லை. துரை அவளைச் சுமையிலிருந்து எடுத்துவிட்டுப் பெட்டி பார்க்க நிறுத்தினார். பதிவில் கூலி என்றே இருந்தது, ஆனால் தலையில் சும்மாடு இல்லை. எத்திராஜ் சந்தேகம் வந்தால் பெட்டியைச் சாய்த்து அவள் பக்கம் காட்டுவான். அவளைப் பார்க்கமாட்டான், பெட்டியைத்தான் பார்ப்பான்.

ஆகஸ்டு மாதம் யுத்தம் முடிந்தது. கிடங்கில் லட்டு கொடுத்தார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க முனியம்மா லட்டைக் கையில் வைத்துக்கொண்டு உலகநாதனிடம் போனாள்.

"அப்போ ஜப்பான் பொட்டி வராதா?"

"இனி எதுக்கு வரும்? முடிஞ்சுது."

"எனக்கு?"

உலகமே ஓய்ந்து மூச்சு விட்ட நாளில் இவள் ஒருத்தி வேலை போய்விடுமே என்று கவலைப்பட்டாள். தப்பென்று யார் சொல்ல முடியும்? புரட்டாசி முடிவில் ஆட்களைக் குறைப்பார்கள், தமிழில் கொட்டகைப் பலகையைப் படிக்கத் தெரிந்தவர்களை மட்டும் வைத்துக்கொள்வார்கள் என்று அதே வாரம் செய்தி வந்தது. ஐப்பசிக்குள் நடவை முடிக்க நூம்பலில் கோதண்டம் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார் என்றும் கேள்வி.

முனியம்மா தமிழ் எழுத்துக்கும் சீட்டு எழுதிக் கேட்டாள். உலகநாதன் அ, ஆ என்று வரிசையாகத் தொடங்கினார். அவள் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள்.

"வரிசையா வாணாம் வாத்தியாரே. வரிசையா சொன்னா பாட்டு மாதிரி வாய்லே வந்துடும், கண்ணுலே நிக்காது. கொட்டாப் பலகைலே இன்னா இன்னா எழுத்து கீதோ அத்த எல்லாம் கலந்து குடு. ஊரு பேரும் ஆளு பேரும் சேத்து குடு."

உலகநாதன் கலந்தே கொடுத்தார். ராஜம்மாவும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து பார்த்தாள், ஆனால் அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் ஏறவில்லை. முனியம்மாவுக்கும் சுலபமாக இல்லை. ழவும் ளவும் அவளைப் பாடாய்ப் படுத்தின. பல நாள் முறத்தைத் தள்ளிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். பிறகு மறுபடி இழுத்து வைத்துக்கொள்வாள். ஆறு வாரத்தில் துரையின் ஆபீஸ் வாசலில் பத்துப் பலகை வைத்துப் பார்த்தார்கள். முனியம்மா எட்டைப் படித்தாள். ராஜம்மா தட்டுத் தடுமாறி ஐந்து. அது போதுமா, போதாதா என்று யாரும் சொல்லவில்லை.

புரட்டாசி கடைசி நாள் கிடங்கு வாசல் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். வேலையில் நீடிப்பவர்கள் பெயர் தமிழில், ஊரோடு. முப்பது பெண்கள் சுற்றி நின்றார்கள். வழக்கம் போல எத்திராஜ் வந்து, பலகைக்கு முன்னால் நின்று, உரக்க வாசித்தான். ஒவ்வொரு பெயருக்கும் ஒருத்தி மூச்சு விட்டாள். முத்தம்மாள், அம்பத்தூர் என்றான், எல்லம்மா, பாடி கிராமம் என்றான், இன்னும் சிலரைச் சொன்னான், முடித்தான். முனியம்மா பெயர் வரவில்லை. ராஜம்மா பெயரும் வரவில்லை.

"மாமா நடவுக்குக் கூப்பிடறாரு" என்றான் எத்திராஜ். "நாளைக்குக் காத்தாலே வந்துடுங்க. பழசை மனசுலே வெச்சிக்காதீங்க."

ராஜம்மா கூடையை எடுத்துக்கொண்டு தண்டவாளப் பக்கம் நடந்தாள். மற்றவர்களும் கலைந்தார்கள். முனியம்மா மட்டும் நின்றாள். வரப்போரத்து மழை நினைவுக்கு வந்தது என்று பின்னால் சொன்னாள். ஒருமுறையாவது தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போவோம் என்று பலகையருகே போனாள். மேலிருந்து விரலை வைத்தாள். மூன்று இடத்தில் மு இருந்தது. ஒன்று முத்தம்மாள். ஒன்று முனுசாமி. மூன்றாவதில் விரல் நின்றது. மு, னி, ய, ம், மா.

"அது பாடி முனியம்மா" என்றான் பின்னாலிருந்து எத்திராஜ்.

அவள் திரும்பவில்லை. விரலைப் பக்கத்துச் சொல்லுக்கு நகர்த்தினாள். அதில் பா இல்லை, டி இல்லை. நீளமான சொல். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு வாய்க்குள் சொல்லி, கடைசி ம் வந்ததும் நிமிர்ந்தாள்.

"கள்ளிக்குப்பம்னு போட்டுக் கீது. இது நானு."

"அவசரத்துலே விட்டுட்டேன் போல" என்றான். அவசரமா, மாமனின் நடவா என்பது அவனுக்குத்தான் தெரியும்.

இந்தத் தடவை அவள் ஆண்டே என்று சொல்லவில்லை. விரலை மறுபடி பட்டியலின் தலைக்குக் கொண்டுபோய் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கீழே வந்தாள். கடைசிக்கு முந்தின வரியில், அவன் வாசிக்காத இன்னொரு பெயரில் நின்று, ரா, ஜ, ம், மா என்று இரண்டு தடவை கூட்டிப் பார்த்து, பிறகு தண்டவாளத்தை நோக்கி ஓடினாள். ராஜம்மா ரயில்வே கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே முனியம்மா கேட்டுக்கு அடியில் குனிந்து போனாள்.